துவர்

தக்கை எடுக்கும் திருகைப் பரிஸிலேயே மறந்துவிட்டேன்.
உழவு இயந்திரப் பெட்டியைக் கிண்டி
நீளத் திருகாணி ஒன்று கொண்டுவந்தான் றொபின்சன்.
முறுக்கி, குறட்டால் பிடித்து இழுத்தோம்.
தக்கை பாதியில் முறிந்தது.
மீதியை உள்ளே தள்ளிவிட்டு
தேத்தண்ணி வடியால் வடித்தோம்,
உடையார்கட்டில், மாலை ஆறரைக்கு,
நாலு எவர்சில்வர் பேணிகளுக்குள்.

"குடிக்க முதல் மணந்து பாருங்கோ."
மச்சான் குலவீரசிங்கம் மூக்கை உள்ளே விட்டார்.
"நாவற்பழம். பிறகு பழைய சைக்கிள் ரியூப்."
றொபின்சன் சொன்னான்,
"மழை விட்ட மாட்டுப்பட்டி."
நான் சிரிக்கவில்லை.
எங்கள் உணவகத்தின் கழுத்துப்பட்டிக்காரனும்
இதையேதான் சொல்வான்,
தோல் என்றும் ஈரக்காடு என்றும்,
போத்தலுக்கு முப்பது ஈரோ கூட்டி.

முதல் மிடறிலேயே அக்கா முகம் சுளித்தாள்.
"கயருதடா."
கயரும்தான்.
அறுசுவையை எண்ணும்போது அதற்கும் ஒரு விரல் மடிக்கிறோம்.
பந்தியில் இருந்து எவரும் கேட்டு வாங்குவதில்லை.
வாழைப்பூவில், பாக்கில், மாதுளைப் பிஞ்சில்
ஒதுங்கிக் கிடக்கும் அதை
இவர்கள் மரப்பீப்பாவில் இட்டு
மாதக்கணக்கில் காவல் இருக்கிறார்கள்.
துவர் என்றால் சிவப்பு என்றும் நம்மிடம் பொருள் உண்டு.
நிறமும் நாக்கின் இழுவையும் ஒரே சொல்லில்.
இந்தப் போத்தலைக் காணாமலே
யாரோ பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விரால் குழம்போடு குடித்தோம். பிழை.
உறைப்பு வைனைப் பிடித்து உலுப்பியது,
வாயெல்லாம் நெருப்பும் மரத்தூளும்.
நந்திக்கடல் நண்டோடு இன்னும் மோசம்,
துருவேறிய ஆணியைச் சூப்பியது போல.
"கள்ளெண்டால் இந்தக் கரைச்சல் இல்லை," என்றான் றொபின்சன்,
"அது ஆரோடயும் போகும்."

போத்தலைத் திருப்பி லேபிளைக் காட்டினேன்.
"ரெண்டாயிரத்து ஒன்பது. பொர்தோவுக்கு நல்ல வருசம்."
கழுத்துப்பட்டிக்காரனின் வசனம்.
குசினிக் கதவிடுக்கால் எத்தனையோ இரவு கேட்டது
அப்படியே என் வாயிலிருந்து விழுந்தது.

கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.
றொபின்சன் தன் பேணியின் விளிம்பைத் துடைத்தான்,
அதில் ஒன்றும் இல்லை.

அக்காதான் கேட்டாள்.
"பழம் எந்த மாசம் பிடுங்கிறவை?"
"செப்ரெம்பர்."
"செப்ரெம்பரில நாங்கள் செட்டிகுளத்தில.
தண்ணிக்கு லைனில."
பிறகு,
"நல்லாத்தான் பழுத்திருக்கு" என்று
பேணியை மறுபடி நீட்டினாள்.

எழுந்து அடுப்படிக்குப் போனேன்.
காட்டுப்பன்றி மத்தியானமே முடிந்திருந்தது.
மிளகு போட்டு வறுத்த சட்டியின் அடியில்
கொழுப்பும் கருகலும் மட்டும்.
வைனை நான் மேசையில் இருந்து பழகவில்லை.
கழுவ வந்த கோப்பையில் மிஞ்சிய ஒரு மிடறு,
கழுவ வந்த சட்டியில் ஒட்டிய ஒரு விரல்.
எதற்கு எது சேரும் என்று
பதினாறு வருடம்
தண்ணீர்த் தொட்டியடியில் நின்று படித்தேன்.
கிறிஸ்மஸுக்கு முதலாளி இதைக் கையில் தந்தபோது
எனக்குத் தெரியாது என்று நினைத்து
இறைச்சியோடு குடி என்று விளக்கினார்.

கரண்டியால் சுரண்டி நாலு பேருக்கும் வைத்தேன்.
கொழுப்பு நாக்கில் படிந்தது,
துவர் வந்து வழித்தது,
கருகலும் பழமும் எங்கோ பின்தொண்டையில்
ஒன்றையொன்று அடையாளம் கண்டன.
மச்சான் ஒன்றும் சொல்லவில்லை.
சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

கடைசியில் மண்டி.
றொபின்சன் அதையும் விடவில்லை.

"போத்தில் வடிவு, நல்லெண்ணெய் விடலாம்."
வாளியில் ஊறப்போட்டாள் அக்கா,
நகத்தால் கிள்ளினாள், கல்லால் தேய்த்தாள்.
லேபிள் அசையவில்லை. திறமான பசை.
"விடக்கா" என்று வாங்கிக்கொண்டு
கிணற்றடியில் குந்தினேன்.
கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் தேங்காயெண்ணெய்,
ஒரு பிடி பொச்சு.
இது என் தொழில்.